காய்ச்சல் இல்லாத முழங்கால்

திருகோணமலை
19.01.2025

அன்புள்ள தாஹிர் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீங்களும் றுக்கியா மதினியும் சுகமாயிருக்க துஆச் செய்கிறேன். சீனி வருத்தத்துக்கு மருந்தை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

போனில் கதைத்தால் நமக்குள் சண்டை வருகிறது என்று, யாராவது இறந்த மவுத்துச் செய்திக்கு மட்டும் போன், மற்றதெல்லாம் கடிதம் என்று போன பெருநாளில் நீங்கள்தான் சட்டம் போட்டீர்கள். இதோ முதல் கடிதம். இதில் நீங்கள் இடையில் குறுக்கிட ஏலாது, அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

ஒரு உதவி வேண்டும். என்னிடம் படித்த பிரசாந்தினி என்ற பிள்ளை டொக்டராகி, முதல் வேலைக்கு உங்கள் அம்பாந்தோட்டைக்கு வருகிறாள். நல்ல வீடொன்றில் அறை பார்த்துக் கொடுங்கள். கெட்டிக்காரி. போன வருடம் சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த தம்பு என்ற மீனவருக்கு நடந்ததை என்னோடு நின்று பார்த்தவள்.

அவருக்கு மட்டி கீறி முழங்கால் வீங்கியிருந்தது. காய்ச்சல் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் வாதம் என்று எழுதி, மூட்டுக்குள் வலி ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது மூட்டுக்குள் சீழ் கட்டிக் குருத்தெலும்பைத் தின்று முடித்திருந்தது. இன்றைக்கு அவருக்குப் படகில் ஏற ஏலாது. பிறகு நான் கட்டிலில் பக்கத்தில் இருந்து கதைத்தபோதுதான் உண்மை வந்தது. வீட்டில் மருந்துப் பற்றுப் போட்டிருந்திருக்கிறார். டொக்டர்மார் ஏசுவார்கள் என்று அதை வழித்துக் கழுவி, குளித்து, காய்ச்சலுக்கு இரண்டு பனடோலையும் விழுங்கி, வெளுத்த வேட்டியோடு வந்திருக்கிறார். நம் சனம் ஆஸ்பத்திரிக்கு வருவது பெண் பார்க்கப் போவது போலத்தானே. காய்ச்சலை வீட்டில் விட்டுவிட்டு வந்த மனிதரிடம் நாங்கள் காய்ச்சலைத் தேடியிருக்கிறோம்.

அதனால் என் மாணவர்களுக்கு இப்போது முதல் பாடம் இதுதான்: வீங்கிச் சூடேறி, அசைக்க விடாத மூட்டென்றால், இல்லை என்று நிரூபிக்கும்வரை அதற்குள் கிருமி இருக்கிறது. காய்ச்சல் இல்லாவிட்டாலும் இருக்கிறது. மருந்து ஏற்றுவதற்கு முதல் ஊசியால் நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பு. நோயாளியிடம், "வர முதல் என்னத்தைக் கழுவினீங்கள்?" என்று கேள். என்ன பதில் வந்தாலும் ஏசாதே.

மதினிக்கு ஸலாம் சொல்லுங்கள்.

உங்கள் தங்கச்சி,
சப்ரினா


அம்பாந்தோட்டை
06.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் இருவரும் அல்லாஹ்வின் உதவியால் சுகம். என் சீனியைப் பற்றி ஒவ்வொரு முறையும் கேட்காதே. அது என்னோடு சமாதானமாகத்தான் இருக்கிறது.

உன் பிள்ளைக்கு நம் தெருவிலேயே மூன்றாம் வீட்டில் மாடி அறை எடுத்துக் கொடுத்தேன். மெலிந்த பிள்ளை. மதினி பகல் சாப்பாடு கொடுத்து அனுப்புகிறாள். நேற்று என் இழுவைப் படகைப் பார்க்க வந்து, எஞ்சின் அறைக்குள் இறங்கி, எண்ணெய்க் குழாய்களைப் பற்றி இஞ்சினியர் எனக்கே கேள்வி கேட்டாள். நீ பழக்கின கேள்விகள் என்று விளங்கியது.

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நீ சொல்வது சரியாகவே இருக்கட்டும். ஆனால் அந்த வலி ஊசியைப் போட்டது யார்? உன் பிரிவின் தலைவர், அந்தப் பெரிய சேர் என்று நினைக்கிறேன், நீ எழுதாமல் விட்டிருக்கிறாய். அவருக்கு முன்னால் இதைக் கிளறாதே. வாப்பா போன பிறகு நான் உன்னைப் படிப்பித்து ஆளாக்கியது, நீ கண்டவரோடும் மல்லுக்கு நிற்பதற்கல்ல.

உன் காக்கா,
தாஹிர்


திருகோணமலை
23.03.2025

காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு நல்லபடி போகிறதா? சீனியோடு நோன்பு பிடிக்க வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டீர்கள், ஆகவே சொல்லவில்லை.

கிளறிவிட்டேன். பிரிவின் மாதக் கூட்டத்தில் பெரிய சேர், "காய்ச்சல் இல்லாம மூட்டில கிருமியா? பிள்ளையளுக்கு ஊசி குத்தப் பழக்கிறத விட்டுட்டுப் பாடத்தைப் படிப்பியுங்கோ," என்றார். மாணவர்கள் எல்லோரும் இருந்தார்கள். நான் எழும்பி, பெயர் சொல்லாமல் தம்புவின் கதையை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். பெயர் சொல்லாவிட்டாலும் ஊசி யாருடையது என்று மண்டபத்துக்கே தெரியும். லதீசன் என்ற பையன் கையைத் தூக்கி, "அப்ப மருந்துக்கு முதல் நீர் எடுத்திருந்தா அந்த ஐயா இப்பவும் கடலுக்குப் போவாரோ, சேர்?" என்று கேட்டான். அவனுக்கு அது வெறும் சந்தேகம்தான். சேருக்குக் கன்னத்தில் அறை விழுந்த மாதிரி.

மூன்றாம் நாள் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. சேரிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை ஆஸ்பத்திரி வாட்டில் மாணவர்களுக்குப் படிப்பிக்கக் கூடாது. கேட்காவிட்டால் விசாரணை, பிறகு இடமாற்றமும் வரலாம்.

நான் கேட்க மாட்டேன், காக்கா. எனக்குப் பயமில்லை என்று பொய் சொல்லவில்லை. படிப்பிப்பதைப் பறித்தால் என்னில் பாதி போய்விடும். ஆனாலும் கேட்க மாட்டேன்.

சப்ரினா


அம்பாந்தோட்டை
09.04.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். பெருநாள் நன்றாகக் கழிந்தது. மதினி வட்டிலப்பம் செய்தாள், சீனிக்காரன் எனக்குக் கரண்டி நுனியில் மட்டும் கிடைத்தது.

உன் கடிதம் வந்த அன்று எனக்கு நித்திரை இல்லை. நீ நியாயத்தைப் பார்க்கிறாய், நான் உன்னைப் பார்க்கிறேன். துறைமுகத்தில் நான் எத்தனை கப்டன்மாரிடம் தலை குனிந்திருக்கிறேன் தெரியுமா? குனிந்த தலை பிறகு நிமிரும். வேலை போனால் திரும்பாது.

மன்னிப்புக் கடிதத்தை நானே எழுதி இதோடு வைத்திருக்கிறேன். நல்ல மரியாதையான தமிழ். நீ கையெழுத்து மட்டும் வை. ஒரு கையெழுத்துத்தானே.

காக்கா


திருகோணமலை
27.04.2025

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மன்னிப்புக் கடிதம் உண்மையிலேயே அழகான தமிழ். அதன் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதில் முழங்கால் மூட்டைப் பெரிய படமாகக் கீறி, ஊசி போகும் வழியை அம்புக்குறி போட்டு, அடுப்புக்கு மேலே என் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மாணவர்களுக்கு நன்றாகப் பயன்படுகிறது.

வாட்டில்தானே கூடாது என்றார்கள், வீட்டில் கூடாது என்று சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் பிள்ளைகள் வருகிறார்கள். கிண்ணியாவில் இறைச்சிக் கடை வைத்திருக்கும் ஜவ்பர் நானா ஆட்டுக்கால்களை மூட்டோடு தருகிறார். சில மூட்டுகளுக்குள் வெறும் தண்ணீரையும் சிலவற்றில் அரிசிக் கஞ்சித் தெளிவையும் ஊசியால் ஏற்றி வைப்பேன். பிள்ளைகள் மூட்டின் இடைவெளியை விரலால் தேடி, குத்தி, இழுத்து, எது நல்ல நீர் எது கெட்ட நீர் என்று சொல்ல வேண்டும். முதல் கிழமை எல்லோரும் எலும்பில் குத்தினார்கள். இப்போது சுதர்ஷினி என்ற பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிறாள். முன்வீட்டு றஹ்மா, "டொக்டர், ஆட்டுக்கால் சூப்புக் கடை போடப் போறீங்களா?" என்று கேட்கிறா. ஓம், திறப்பு விழாவுக்கு வாங்கோ என்றேன்.

கோபிக்காதீர்கள். நீங்கள் எனக்காகப் பயப்படுவது விளங்குகிறது. அதற்காக நான் குனிய ஏலாது.

தங்கச்சி,
சப்ரினா


அம்பாந்தோட்டை
15.06.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். பதில் பிந்திவிட்டது, உன்மேல் கோபம்தான் காரணம். என் தமிழைச் சுவரைப் பார்க்கத் திருப்பி ஒட்டியவள் நீ ஒருத்திதான். மதினி அதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் ஹஜ்ஜுப் பெருநாளே கழிந்துவிட்டது. பிரசாந்தினியும் சேர்ந்து சிரித்தாள்.

இங்கே தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டது. இறங்குதுறைப் படிகள் எல்லாம் பாசி, ஆட்கள் வழுக்கி விழுகிறார்கள். என் வேலை வழக்கம்போல. இந்த வருடம் படகுக்குப் புது எஞ்சின் வருகிறது, அதை ஏற்றும்வரை எனக்கு லீவு கிடையாது.

என் கூட்டாளி ஒருவனுக்கு முழங்காலில் நோவு. தனியார் கிளினிக் ஒன்றில் மூட்டுக்குள் ஊசி போட்டால் ஒரே நாளில் சுகமாகும் என்கிறார்களாம். அது நல்லதா என்று கேட்டான். நீ மூட்டுப் பைத்தியம் என்பதால் உன்னைக் கேட்கிறேன். அவசரமில்லை.

விசாரணை என்ன ஆனது?

காக்கா


திருகோணமலை
02.07.2025

காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கூட்டாளிக்குச் சொல்லுங்கள்: சும்மா தேய்மான நோவென்றால் அந்த ஊசி சில பேருக்கு உதவும். ஆனால் தோலில் காயம் இருந்தால், மூட்டு சூடாக இருந்தால், சீனியும் இருந்தால், நீர் எடுத்துப் பார்க்காமல் அதைப் போடவே கூடாது. அது வலியை அடக்கும், கிருமியை அடக்காது. உள்ளே கிருமி இருந்தால் அதற்குக் கதவைத் திறந்து விட்ட மாதிரி. யார் அந்தக் கூட்டாளி? அவருக்குச் சீனி இருக்கிறதா? பிரசாந்தினியிடம் காட்டச் சொல்லுங்கள்.

விசாரணை ஒக்டோபரில் என்கிறார்கள். சனிக்கிழமை வகுப்புக்கு இப்போது கதிரை போதவில்லை. பிள்ளைகள் குசினி நிலத்தில் இருக்கிறார்கள். தம்பு ஐயா ஒரு நாள் வந்து, தன் முழங்காலைத் தொட்டுப் பார்க்க விட்டார். "என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்ல, கேட்டிருந்தா சொல்லியிருப்பன்," என்றார்.

பதில் உடனே எழுதுங்கள்.

சப்ரினா


அம்பாந்தோட்டை
24.08.2025

தங்கச்சிக்கு,

ஸலாம். பிந்தியதற்கு மன்னி. நாங்கள் சுகம். எனக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஒன்றுமில்லை. கட்டிலைக் கீழ் அறைக்கு மாற்றினோம், மேலே வெக்கை. பள்ளியில் இப்போது கதிரையில் இருந்து தொழுகிறேன், வயது போகிறதல்லவா. கூட்டாளி ஊசி போட்டுச் சுகமானான்.

வேறு விசேஷமில்லை.

காக்கா


திருகோணமலை
28.08.2025

காக்காவுக்கு,

இந்தக் கடிதம் வர முதலே நான் சட்டத்தை உடைத்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். இருந்தாலும் எழுதுகிறேன்.

பக்கம் நிறைய எழுதுகிறவர் நாலைந்து வரி எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குக் காய்ச்சலா என்று நான் கேட்கவே இல்லை. கேட்காத காய்ச்சலை ஏன் இல்லை என்கிறீர்கள்? படிப் பாசி, கூட்டாளி, கீழ் அறை, கதிரை. ஆட்டுக்கால் மூட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கிற பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள் நான். என் காக்காவின் முழங்கால் எனக்கு இவ்வளவு பிந்தித்தான் தெரிந்தது.

போனை எடுத்ததும் மதினி, "அல்லாஹ்வே, யாரு மவுத்து?" என்று அழத் தொடங்கிவிட்டா.

"ஒருத்தரும் மவுத்தில்ல மதினி. காக்காட முழங்கால் எப்பிடி இரிக்கு?"

அழுகை சட்டென்று நின்றது. பிறகு, "உங்களுக்கு யாரு சொன்ன?" என்றா.

"காக்காதான் எழுதியிரிக்கார்."

"அவர் சொல்லப்படாதெண்டு எனக்கிட்ட சத்தியம் வாங்கினவர்," என்றா.

அடுத்தது பிரசாந்தினிக்கு எடுத்தேன். இரண்டு கிழமை இரவு வேலை, உங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை என்று அழுதாள். அழாமல் ஓடு என்றேன்.

எனக்கு உங்கள்மேல் கோபம். பெரிய சேர்மேல் இருப்பதைவிடக் கூடின கோபம். சுகமாகி வாருங்கள், சண்டை இருக்கிறது.

சப்ரினா


அம்பாந்தோட்டை, ஆஸ்பத்திரி
20.09.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். கையெழுத்து கோணலாக இருக்கும், மடியில் வைத்து எழுதுகிறேன். உயிருக்கு ஒன்றுமில்லை, அல்ஹம்துலில்லாஹ். காலும் இருக்கிறது.

நீ போன் எடுத்ததும் மதினி என்னிடம், "அந்தப் பிள்ளை வருது," என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? போட்டிருந்த பற்றை வழித்துக் கழுவினேன். இரண்டு பனடோல் போட்டேன். புதுச் சாரத்தைக் கட்டிக்கொண்டு கதிரையில் நிமிர்ந்து இருந்தேன். உன்னுடைய கடிதத்தை இரண்டு தரம் வாசித்த மனிதன், தம்பு செய்ததை அப்படியே செய்தேன்.

பிரசாந்தினி வந்தாள். நெற்றியில் கை வைத்தாள். காய்ச்சல் இல்லை. சந்தோஷமாக அவளைப் பார்த்தேன். அவள் நிலத்தில் குந்தி, சிரித்துக்கொண்டு, "அங்கிள், நான் வர முதல் என்னத்தைக் கழுவினீங்கள்?" என்று கேட்டாள்.

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. படியில் வழுக்கிச் சிப்பி கீறியது, கிளினிக்கில் ஊசி போட்டது, கொஞ்ச நாள் சுகமாகிப் பிறகு வீங்கியது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. ஏசியிருந்தால் பாதியை மறைத்திருப்பேன், தங்கச்சி. உண்மையாகச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கடமையில் இருந்த டொக்டர் சிங்களத்தில், காய்ச்சல் இல்லைதானே, மருந்தை ஏற்றுவோம், நீர் எடுப்பதை நாளைக்குப் பார்ப்போம் என்றார். இந்த மெலிந்த பிள்ளை என் கட்டிலுக்கும் அந்த மருந்துக் குப்பிக்கும் நடுவில் நின்றுகொண்டாள். பனடோல் போட்ட மனிதனுக்குக் காய்ச்சல் எங்கிருந்து வரும், நீரை எடுத்த பிறகு உடனே ஏற்றுவோம், நான் எடுக்கிறேன், நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள் என்றாள். குரல் நடுங்கியது. ஆனால் நகரவில்லை. அவர் அவளைப் பார்த்தார், பிறகு கையுறையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

ஊசிக்குள் வந்ததை நானும் பார்த்தேன். நீ ஆட்டுக்காலில் விட்ட அதே கஞ்சி. அதற்குப் பிறகு மருந்து ஏற்றி, அன்றே மூட்டைத் திறந்து கழுவினார்கள். எந்தக் கிருமி, எந்த மருந்து என்று பரிசோதனையில் தெரிந்ததால் சரியான மருந்துக்கு மாற்றினார்கள். முழுதாக மடக்க ஏலாது என்கிறார்கள். நிற்கலாம், நடக்கலாம். இன்னும் பிந்தியிருந்தால் அதுவும் இல்லையாம்.

உனக்கு நான் எழுதின மன்னிப்புக் கடிதம் ஞாபகம் வருகிறது. நீ கையெழுத்து வைத்திருந்தால் இந்தப் பிள்ளைக்கு நடுவில் நிற்கத் தைரியம் எங்கிருந்து வந்திருக்கும்? நீ குனியவில்லை என்று அவள் அறிந்திருந்தாள்.

உன் காக்கா,
தாஹிர்


திருகோணமலை
04.10.2025

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன், பிறகு குசினியில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். உங்களைக் கேட்காமல்தான். மன்னியுங்கள்.

விசாரணை வருகிற 23ஆம் திகதி, வியாழக்கிழமை காலை. எனக்குச் சாட்சி இல்லை. தம்பு ஐயா வருவதாகச் சொன்னவர். மகனுக்கு ஆஸ்பத்திரியில் வேலை கேட்டுக் காத்திருக்கிறார்கள், சேரைப் பகைத்தால் அது போய்விடும் என்பதால் இப்போது வர ஏலாதாம். அவரில் பிழையில்லை. மாணவர்களை வரக் கூடாது என்று நானே தடுத்துவிட்டேன், அவர்களுக்குச் சோதனை இருக்கிறது. காய்ச்சலில்லாத மூட்டுக் கிருமி என்பது என் கற்பனை என்று சேர் எழுதிக் கொடுத்திருக்கிறார். தனியாகப் போவேன். போய், மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வருவேன்.

காலை நீட்டி வைத்து ஓய்வெடுங்கள்.

தங்கச்சி,
சப்ரினா


அம்பாந்தோட்டை
11.10.2025

அன்புத் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். வீட்டுக்கு வந்துவிட்டோம், சுகம். ஓய்வெடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறாய். நான் உன் பேச்சை எப்போது கேட்டேன்?

22ஆம் திகதி புதன்கிழமை மதினியோடு பஸ் ஏறுகிறேன். பிரசாந்தினி இரண்டு நாள் லீவு எடுத்துக்கொண்டு பரிசோதனை அறிக்கையோடு வருகிறாள். மூன்று பேருக்கும் சோறாக்கி வை. ஆட்டுக்கால் மட்டும் வேண்டாம்.

விசாரணை மண்டபத்தில் பாவம் நோயாளி என்று எனக்குக் கதிரை போடுவார்கள். கதிரையில் இருந்து தொழுததே போதும். உன் பெரிய சேருக்கு முன்னால், இந்தக் காலில் நின்றுகொண்டே, சாரத்தை முழங்காலுக்கு மேலே தூக்கிக் காட்டுவேன், என்னை அவர் கேட்கட்டும். நான் எல்லாவற்றையும் சொல்வேன்.

வர முதல் ஒன்றையும் கழுவ மாட்டேன். பனடோலும் போட மாட்டேன்.

உன் காக்கா,
தாஹிர்